உழைச்செல்வானின் கை

காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு உடம்புவலி ஒரு செய்தியே அல்ல. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, பகல் முழுவதும் மிதியை மிதித்துக்கொண்டிருப்பவருக்கு இடுப்பும் தோள்பட்டையும் மாலையில் என்ன சொல்லும் என்பதை நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கோர்வைச் சேலையென்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கத்துக் கரைக்கு உதவியாள் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உதவியாள் பல ஆண்டுகள் நான்தான். நாடாவை எப்போது தள்ள வேண்டும், எப்போது கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அப்பா ஒருநாளும் வாயால் விளக்கியதில்லை. தப்பாகத் தள்ளினால் தறி நின்றுவிடும். அவர் திரும்பிப் பார்ப்பார். பாடம் அவ்வளவுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது மணிக்கட்டில் அடிபட்டு வீங்கிவிட்டது. அப்பா சைக்கிளில் உட்காரவைத்துக் கூரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சுளுக்கு எடுக்கும் கிழவி ஒருத்தி இருந்தாள். சுற்றுவட்டாரத்துத் தறிக்காரர்கள் எல்லோரும் அவளிடம் போனவர்கள்தாம். பிறந்த குழந்தைக்கு உரம் விழுந்தால் புடவையில் போட்டு உருட்டி எடுப்பாள். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து இடுப்பைக் கட்டுவாள். திண்ணையில் உட்கார்ந்து என் கையை வாங்கினாள். விளக்கெண்ணெய்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. இரண்டு விரலால் மணிக்கட்டின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தாள். நான் கத்தினேன். கையைத் திரும்ப என் மடியிலேயே வைத்துவிட்டு, "இது சுளுக்கு இல்ல தம்பி, எலும்பு. நம்ம கையில ஆவாது. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போ" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா கொடுத்த காசையும் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பில் விரிசல்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, நகரத்தில், குளிரூட்டப்பட்ட ஒரு நிலையத்தில் இன்னொரு காட்சியைக் கண்டேன். அம்மாவுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுதசை கனத்துக் கிடந்தது. நெடும்பயணத்துக்குப் பிந்தைய அலுப்பு என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டு அழைத்துப் போனோம். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் தொங்கியது. சீருடை அணிந்த இளைஞர் பணிவாகப் பேசினார். ஆனால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எத்தனை நாளாக வீக்கம், ஒரு காலில் மட்டுமா, தொட்டால் சுடுகிறதா என்று எதுவும் கேட்காமல், அரைமணி நேரம் அந்தக் காலை அழுத்திப் பிசைந்தார். மறுநாள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்த்தோம். ஆழ்சிரையில் இரத்தக் கட்டி. அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போயிருந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த இளைஞரின் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவருக்குச் சில வாரப் பயிற்சிதான் தரப்பட்டிருந்தது. எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்தவர்கள், எப்போது அழுத்தக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. கணுக்காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்த தில்லி இளைஞர் ஒருவரின் காலை அவருடைய தாயே நீவிவிட, சிரையில் இருந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து அவர் இறந்துபோன செய்தி 2017இல் மருத்துவர்களின் அறிக்கையாக வெளிவந்தது. தாயின் கையிலேயே அப்படி நேருமென்றால், காசு வாங்கிக்கொண்டு தொடும் கைக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதை நாம் கேட்காமலே இருக்க முடியாது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலிருந்து செய்பவர். இந்த நான்காமவருக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். நம் காலத்துச் சட்டங்களை இந்த நான்கின்கீழ் அடுக்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். சித்த மருத்துவருக்கு 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருந்தது. அதனிடத்தில் 2020இல் புதிய ஆணையச் சட்டம் வந்தது. ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு இல்லாமல் ஒருவர் சித்த மருத்துவராகப் பதிவு பெறும் வழி இன்று இல்லை. மருந்துக்கு 1940ஆம் ஆண்டுச் சட்டம். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை அதில் சேர்க்கும் திருத்தம் 1964இல் வந்தது. நோயாளிக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மருத்துவச் சேவையும் அதன்கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. உழைச்செல்வாரிலும் செவிலியருக்கு 1947இலேயே சட்டம் வந்தது. எஞ்சி நிற்பது உடம்பைத் தொட்டு, நீவி, பிடித்துவிடும் கை மட்டுமே. அந்தக் கைக்கு இன்றுவரை நாடு தழுவிய உரிமமும் இல்லை, கட்டாயப் பயிற்சியும் இல்லை.

பயிற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு ஸ்பா தெரபி பாடப்பிரிவு உண்டு. திறன் மேம்பாட்டுத் திட்டங்களின்கீழ் சில நூறு மணி நேரச் சான்றிதழ்களும் உண்டு. அவற்றைப் படித்துவிட்டு வருகிறவரும் படிக்காமல் வருகிறவரும் ஒரே அறையில் ஒரே சீருடையில் நிற்கலாம் என்பதுதான் சிக்கல். வாடிக்கையாளருக்கு வேறுபாடு தெரியாது. படித்தவருக்கும் அதனால் கூடுதல் சம்பளமோ மதிப்போ இல்லை.

அரசும் நீதிமன்றமும் காவல்துறையும் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசாமலும் இல்லை. ஆனால் அவர்கள் பேசுவதெல்லாம் அறையைப் பற்றி. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்றார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, அது அந்தரங்க உரிமையைப் பறிப்பதாகும் என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். கதவு திறந்திருக்கிறதா, கேமரா ஓடுகிறதா என்ற இந்த வாதத்துக்கு நடுவே, உள்ளே இருப்பவருக்கு உடற்கூறு தெரியுமா என்ற கேள்வி எழுந்ததாக எனக்கு நினைவில்லை. தில்லியில் 2021இல் வந்த விதிகள் மட்டும் பணியாளருக்கு இயன்முறை, அக்குபிரஷர், தொழில்முறைச் சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றில் சான்று வேண்டும் என்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால் நான்கு ஆண்டுக்கு மேல் இயன்முறை படித்த பட்டதாரி எண்ணெய்க் கிண்ணத்தோடு ஸ்பாவில் நிற்க வருவாரா? நீவுதலை ஒரு தொழிலாக ஏற்று அதற்கென்று ஒரு படிப்பை வகுக்காமல், பக்கத்துத் தொழில்களின் சான்றிதழைக் கேட்பது, நெசவாளியிடம் தையற்காரரின் சான்றைக் கேட்பது போன்றது.

வெளியே பார்க்கலாம். நாம் செவிலியர் சட்டத்தை இயற்றிய அதே 1947இல் ஜப்பான் நீவுதலுக்கும் குத்தூசிக்கும் சட்டம் இயற்றியது. அங்கே மூன்றாண்டுப் படிப்பு, அதன்பின் தேர்வு. 1993 முதல் அது தேசியத் தேர்வாக நடக்கிறது. அந்த நாட்டில் இது பார்வையற்றோரின் தொழிலாகப் பல நூற்றாண்டுகள் வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி, தாமே பார்வையற்றவர். பார்வையற்றோருக்காக இந்தக் கலைகளைக் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினார். தென்கொரியாவில் உரிமம் இன்றும் பார்வையற்றோருக்கு மட்டுமே. அது மற்றவர்களின் தொழிலுரிமையைத் தடுக்கிறது என்று 2006இல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னபோது பார்வையற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2008இல் அதே நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தில் 1,000 மணி நேரப் படிப்பு வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பதிவு பெறாதவர் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக்கொள்ளவே கூடாது. தாய்லாந்தில் வாட் போ கோயில் தன் மரபை 1955இல் பள்ளியாக மாற்றிக்கொண்டது. 2019இல் யுனெஸ்கோ அந்நாட்டு நீவுகலையைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது.

நம்மிடம் மரபு இல்லையா? சித்த மருத்துவம் புறமருந்துகளை முப்பத்திரண்டாக எண்ணுகிறது. அவற்றில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதை ஒன்பதாக வகுத்திருக்கிறார்கள். இவ்வளவு நுட்பமாகக் கைவேலையைப் பகுத்த சமூகம், அந்தக் கைவேலையைச் செய்தவரை எங்கே நிறுத்தியது? நாவிதரையும் அவர் வீட்டு மருத்துவச்சியையும் நினைத்துப் பாருங்கள். வடதமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். நாஞ்சில் நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பரியாரி. பெயரில் மருத்துவம் இருந்தது, வாசலுக்குள் வர உரிமை இல்லை. உடம்பைத் தொடுவதே தீட்டுக்குரிய வேலை என்று ஆக்கிவிட்டு, தேவைப்பட்டபோது மட்டும் கூப்பிட்டோம். இன்று ஸ்பா என்ற சொல்லைக் கேட்டதும் உதட்டோரம் வரும் சிரிப்புக்கும் அந்தப் பழைய தீட்டுக்கும் உறவு உண்டென்றே நினைக்கிறேன். கூரத்துக் கிழவியின் மகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. "ஊரான் கால பிடிக்கிற வேல என்னோட போவட்டும்" என்று கிழவியே சொல்லிவிட்டாள். அதில் எவ்வளவு அவமானம் மிச்சமிருந்தது என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு பக்கம் குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களின் மரபு. மாணவனைப் பல்லாண்டு கூடவே வைத்திருந்து, குணத்தைச் சோதித்து, பொறுமை உள்ளவனுக்கே உள்மர்மத்தைச் சொல்லுவார்கள். கொல்லவும் வல்ல அறிவு தவறான கையில் சேரக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. அது மதிக்கத்தக்கது. ஆனால் அதே மறைப்பினால் எத்தனை ஆசான்களோடு எத்தனை அறிவு மண்ணுக்குள் போயிற்று? எது தேர்ந்த அறிவு, எது வெறும் நம்பிக்கை என்று சோதிக்கவும் வழியில்லாமல் போயிற்று. காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பிறப்பே உரிமம்! படிப்பு, பழக்கம், தேர்வு எதுவும் வேண்டாம்.

ஆகவே தரம் வேண்டும். அந்தத் தரம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்குச் சில கருத்துகள் உண்டு.

முதலாவதாக, உரிமம் அறைக்கு மட்டுமல்லாமல் ஆளுக்கும் வேண்டும். ஓராண்டு, குறைந்தது 1,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பாதியாவது தேர்ந்த ஒருவரின் பக்கத்தில் நின்று பழகும் காலமாக இருக்க வேண்டும். உடற்கூறும் நோய்க்குறிகளும் வகுப்பறையில் கற்கத்தக்கவை. எவ்வளவு அழுத்தம் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. கோர்வை நாடாவைப் போல அது பக்கத்தில் உட்கார்ந்தே வருவது.

இரண்டாவதாக, பழகும் காலத்துக்குக் கூலி வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் கட்டாயமாக்கியது. அந்த உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு ஏற்கும் திட்டம் 2016இல் வந்தது. இவை பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திண்ணையில் இருக்கும் ஆசானிடமும் பழகுநர் இருக்கலாம் என்று விதியை விரிக்க வேண்டும். இல்லையேல் கற்றுக்கொள்ள வருகிறவர் ஏழையாக இருப்பார், கற்பிக்கிறேன் என்று சொல்கிறவர் அவரிடம் ஓராண்டு இலவச உழைப்பை வாங்கிக்கொள்வார். குருகுலத்தின் பெயரால் நடந்த சுரண்டலை நாம் மறக்கக் கூடாது.

மூன்றாவதாக, ஏற்கெனவே கையில் தொழில் உள்ளவர்களைச் சட்டம் வெளியே தள்ளிவிடக் கூடாது. உரிமம் வந்தால் கிராமத்துக் கிழவிகள் குற்றவாளிகளாவார்கள், சான்றிதழ்க் கடைகள் கொழிக்கும் என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் அச்சம் பொய்யல்ல. கணினிப் பயிற்சியில் அப்படித் தெருவுக்குத் தெரு கடை திறந்ததை நாம் பார்த்தவர்கள்தாம். அதற்கு விடை, பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்பதுபோன்ற வாசற்படிகளை வைக்காமல், செய்முறைத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் அவரவர் ஊரிலேயே நடத்துவது. முன்பே கற்றதைச் சோதித்துச் சான்று தரும் முறை 2015 முதல் மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. கொத்தனாருக்குப் பொருந்துவது சுளுக்கு எடுப்பவருக்கும் பொருந்தும். பயிற்சி தருபவரும் தேர்வு வைப்பவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது என்ற ஒரு விதி போட்டால் சான்றிதழ்க் கடைகளில் பாதி மூடப்படும்.

நான்காவதாக, பார்வையற்றோருக்கு இத்தொழிலில் முன்னுரிமை தரலாம். கொரியாவைப் போல அவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பார்வையில்லாதவருக்கு இது ஒன்றுதான் என்று ஆக்கிவிடுவது இன்னொரு குலத்தொழிலாகிவிடும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் கருதுவது தேர்வின் முதல் கேள்வி. எப்போது தொடக் கூடாது? ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், எலும்பு முறிவின் ஐயம் இருந்தால், சர்க்கரை நோயினால் பாதம் மரத்திருந்தால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரென்றால், கர்ப்பிணியென்றால் என்ன செய்வாய்? இதற்கு விடை சொல்லத் தெரியாதவருக்கு ஒன்பது வகைத் தொக்கணமும் தெரிந்திருந்தாலும் உரிமம் தரக் கூடாது.

இந்த இடத்தில் கூரத்தைப் பற்றி இரண்டு செய்திகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, கூரத்தாழ்வானைப் பற்றி வைணவ மரபு சொல்லும் கதை. இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல ஆழ்வான் எழுதிவந்தார். தமக்கு உடன்பாடில்லாத இடம் வந்தால் எழுதுவதை நிறுத்திவிடவேண்டும் என்பது ஏற்பாடு. ஓரிடத்தில் எழுத்தாணி நின்றது. குருவுக்குக் கோபம் வந்தது. சீடர் அசையவில்லை. பிறகு குருவே சிந்தித்துத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். குருவுக்காகப் பின்னாளில் கண்களையே இழந்தவர் அவர். பணிவில் அவரை மிஞ்சியவர் இல்லை. அவருடைய கைக்குத்தான் நிறுத்தவும் தெரிந்திருந்தது. பழகுநர் பயிற்சியின் இலக்கணம் இதைவிட வேறென்ன? வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார், முதலாளி முறைக்கிறார் என்றாலும், இந்தக் காலை நான் தொடமாட்டேன் என்று சொல்லும் துணிவைப் பயிற்சி தர வேண்டும். அப்படிச் சொன்னவரை வேலையிலிருந்து நீக்க முடியாதபடி சட்டம் காக்க வேண்டும்.

மற்றொன்று கூரம் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் இவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடை அதில் பங்கு பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. அதே மண்டபத்துக்கு நீர் வார்ப்பதற்கும் தீ எரிப்பதற்கும் ஒரு பங்கு. இலக்கியம் படிக்கும் நம்மைப் போன்றவர்கள் முதற்பங்கை மட்டும் பெருமையாக எடுத்துச் சொல்வது வழக்கம். வாசிப்பவனுக்கும் நீர் சுமப்பவனுக்கும் தனித்தனியே பங்கு எழுதி வைத்ததில்தான் எனக்கு வியப்பு. அந்தக் காலம் சமத்துவக் காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கைவேலையையும் பெயர் சொல்லிப் பட்டயத்தில் ஏற்றினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

கிழவி இறந்து பல ஆண்டுகள் ஆயின. அவள் கையில் எவ்வளவு இருந்தது என்று எழுதிவைத்தவர் இல்லை, கற்றவரும் இல்லை. சென்ற முறை ஊருக்குப் போனபோது அந்தத் திண்ணையை இடித்துக் கம்பிக்கதவு போட்டிருந்தார்கள். அம்மா இப்போதும் கால் வலித்தால், "அந்தக் கிழவி இருந்தா தொட்டுப் பாத்தே சொல்லியிருக்கும்" என்கிறார்.